டிசம்பர் சாக்லேட் பாக்ஸ்: ₹250-க்கு வித்தா உண்மையில் கையில் நிற்பது எவ்வளவு?

டிசம்பர் பிறந்துட்டா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க சாக்லேட் பாக்ஸ்தான். ஓவன் வேண்டாம், பெரிய முதலீடு வேண்டாம், காம்பவுண்டை உருக்கி, பேரீச்சம்பழத்தையோ பிஸ்கட்டையோ முக்கி எடுத்தா போதும். கிறிஸ்துமஸுக்கும் நியூ இயருக்கும் வீட்டிலிருந்தே விக்கலாம். உண்மைதான், செய்வது சுலபம். அதனால்தான் விலை வைப்பது கஷ்டமாகிறது. சுலபமான வேலைக்குக் கூலி போட யாருக்கும் மனசு வருவதில்லை.

"சாமான் நூறு ரூபாய், டப்பா 28 ரூபாய், 250-க்கு விக்கிறேன், 122 ரூபாய் லாபம்" என்று சொல்பவர்கள் நிறைய பேர். இந்தப் பதிவில் அந்த ஒரு பாக்ஸை முழுசாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். செய்முறையும் வரும், கணக்கும் வரும். ரெண்டையும் பிரித்து எழுத முடியாது. சாக்லேட்டை எவ்வளவு சூட்டில் முக்குகிறீர்கள் என்பதே உங்கள் லாபத்தை மாற்றும். எப்படி என்று கீழே பாருங்கள்.

கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் பில்லில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

என்ன செய்யப் போகிறோம்

12 துண்டு கொண்ட பாக்ஸ். நாலு பேரீச்சம்பழம் (உள்ளே வறுத்த பாதாம்), நாலு கிரீம் பிஸ்கட், நாலு தேங்காய் உருண்டை. எல்லாம் டார்க் காம்பவுண்டில் முக்கியது. ஒரு பேட்ச் என்பது 10 பாக்ஸ், அதாவது 120 துண்டு. ஒரு பாக்ஸ் மட்டும் செய்து கணக்குப் போட்டால் சரியாக வராது, 10 பாக்ஸாகப் போடுங்கள்.

முதலில் ஒரு விஷயம். காம்பவுண்ட் வேறு, சாக்லேட் வேறு. அசல் சாக்லேட்டில் கொழுப்பு என்பது கோகோ பட்டர். காம்பவுண்டில் அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. அசல் சாக்லேட்டை உருக்கினால் டெம்பரிங் என்று சூட்டை ஏற்றி இறக்கிப் பக்குவம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை பூத்து மங்கிவிடும். காம்பவுண்டுக்கு அது தேவையில்லை, உருக்கினால் முக்கலாம். வீட்டுத் தொழில் தொடங்குபவருக்கு காம்பவுண்ட் போதும் என்பது என் கருத்து. ஆனால் லேபிளில் "சாக்லேட்" என்று மட்டும் போட்டுவிட்டு உள்ளே காம்பவுண்ட் வைக்காதீர்கள். "டார்க் காம்பவுண்டில் முக்கியது" என்று எழுதினால் எந்த கஸ்டமரும் ஓடிவிட மாட்டார்.

உள்ளே வைப்பவை

பேரீச்சம்பழம் ரொம்பக் குழைந்திருக்கக் கூடாது. கொட்டையை எடுத்து, வெறும் கடாயில் மெல்லிய தீயில் வறுத்து முழுசாக ஆறவைத்த பாதாமை உள்ளே வைத்து மூடுங்கள். வறுக்காமல் வைத்தால் ரெண்டு நாளில் பாதாம் நமுத்துவிடும்.

தேங்காய் உருண்டைக்கு 280 கிராம் உலர் தேங்காய்த் துருவல், 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க். பிசைந்து 12 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 40 வரும். பச்சைத் தேங்காய் வேண்டாம், அதில் இருக்கும் ஈரம் சீக்கிரம் கெடுக்கும். பிடித்த உருண்டையை ஃப்ரிட்ஜில் 20 நிமிஷம் வைத்து இறுகினதும் வெளியே எடுத்து, ஐந்து நிமிஷம் விட்டு முக்குங்கள்.

அந்த ஐந்து நிமிஷம் ஏன்? சில்லென்ற உருண்டையை முக்கினால் காம்பவுண்ட் தொட்ட உடனே உறைந்து தடிமனாக ஒட்டும். பிறகு உருண்டை அறைச் சூட்டுக்கு வரும்போது லேசாக விரிந்து மேல் ஓடு வெடிக்கும். தடிமன் என்றால் அதிக காம்பவுண்ட். வெடிப்பு என்றால் விற்க முடியாத துண்டு. ரெண்டும் பணம்.

பிஸ்கட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். பாக்கெட்டைப் பிரிக்கும்போதே சில உடைந்திருக்கும். அதனால் 40-க்கு 44 வாங்குங்கள். உடைந்ததை வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

உருக்குவது, முக்குவது

காம்பவுண்டைச் சின்னச் சின்னதாக வெட்டுங்கள். மைக்ரோவேவ் என்றால் 30 விநாடி வைத்து எடுத்துக் கிளறி, மறுபடி 30 விநாடி. டபுள் பாய்லர் என்றால் கீழே உள்ள தண்ணீர் லேசாகச் சூடாக இருந்தால் போதும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. மேல் பாத்திரம் தண்ணீரைத் தொடவும் கூடாது. ஆவி உள்ளே போகாத மாதிரி மேல் பாத்திரம் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் காம்பவுண்ட் திரிந்து களி மாதிரி ஆகிவிடும். ஈரக் கரண்டி, ஈரக் கை, சரியாகத் துடைக்காத பாத்திரம், இதில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். திரிந்ததில் முக்க முடியாது. சூடான பாலில் கரைத்து வீட்டுக்கு ஹாட் சாக்லேட்டாகப் போடலாம், ஆனால் விற்பனைக் கணக்கில் அது போனதுதான். அரை கிலோ திரிந்தால் ₹225 அவுட். அதனால் ஒரே தடவையில் ஒரு கிலோவையும் உருக்காமல் முந்நூறு முந்நூறு கிராமாக உருக்குங்கள். ரிஸ்க்கைப் பிரித்து வைப்பது மியூச்சுவல் ஃபண்டில் மட்டும்தான் என்று இல்லையே!

சரியான சூடு ஏறத்தாழ 40 முதல் 45 டிகிரி செல்சியஸ். சின்ன தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஃபோர்க்கால் தூக்கிப் பாருங்கள்: நூல் மாதிரி தடையில்லாமல் ஒழுகினால் சரி, கட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது என்று அர்த்தம். ஃபோர்க்கில் துண்டை வைத்து முக்கி எடுத்து, கிண்ண விளிம்பில் நாலைந்து தடவை தட்டுங்கள். அடியை விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு பட்டர் பேப்பரில் வையுங்கள். தட்டாமல் வைத்தால் அடியில் குட்டி குளம் மாதிரி பரவி உறையும். அழகும் போச்சு, காம்பவுண்டும் போச்சு.

இப்போது அந்தத் தடிமன் கணக்கு. நன்றாகச் சூடான காம்பவுண்டில் முக்கி, தட்டி வைத்தால் பேரீச்சம்பழத்துக்கு சுமார் 7 கிராம், பிஸ்கட்டுக்கு 10 கிராம், உருண்டைக்கு 8 கிராம் ஒட்டுகிறது என்று வையுங்கள். 120 துண்டுக்கு 280 + 400 + 320 = 1,000 கிராம். ஆறிப்போன காம்பவுண்டில் தட்டாமல் முக்கினால் துண்டுக்கு 2 கிராம் கூட ஒட்டும். பார்த்தால் தெரியாது. 120 துண்டுக்கு 240 கிராம். கிலோ ₹450 என்றால் ₹108. ஒரு பாக்ஸுக்கு கிட்டத்தட்ட 11 ரூபாய் லாபம் ஓடாக மாறி கஸ்டமர் வாய்க்குள் போய்விட்டது. அவங்களும் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தரப்போவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கிச்சன் தராசு போதும். முக்குவதற்கு முன் 10 துண்டை எடை போடுங்கள், உறைந்த பிறகு அதே 10 துண்டை எடை போடுங்கள். வித்தியாசத்தை 10-ஆல் வகுத்தால் ஒரு துண்டுக்கு எவ்வளவு ஒட்டியது என்று தெரியும். ஃபேக்டரியில் காஸ்ட் ஆடிட் செய்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், பெயர்தான் பெருசாக இருக்கும்.

உறைய வைக்க ஃப்ரிட்ஜில் 10 நிமிஷம் போதும். அதற்கு மேல் வேண்டாம். சென்னை, கடலூர், நாகை பக்கம் டிசம்பரில் மழைக்காலம் முடிந்திருக்காது, காற்றில் ஈரம் அதிகம். சில்லென்ற சாக்லேட்டை வெளியே எடுத்ததும் மேலே வியர்த்து, காய்ந்த பிறகு பிசுபிசுப்பும் வெள்ளைப் புள்ளியும் வரும். ஏசி அறை இருந்தால் அதில் உறைய விடுவது இன்னும் நல்லது. பாக்ஸில் அடுக்கும்போது துண்டு நன்றாகக் காய்ந்து அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

இப்போது முழுக் கணக்கு (10 பாக்ஸ்)

காம்பவுண்ட்: துண்டில் ஒட்டுவது 1,000 கிராம், கிண்ணத்திலும் பேப்பரிலும் நிற்பது 100 கிராம், 1.1 கிலோ × ₹450 = ₹495
பேரீச்சம்பழம் 400 கிராம்: ₹160
பாதாம் 50 கிராம்: ₹45
பிஸ்கட் 44: ₹110
தேங்காய்த் துருவல் 280 கிராம்: ₹112
கண்டென்ஸ்டு மில்க் அரை டின்: ₹75
சாமான் மொத்தம்: ₹997

அதாவது பாக்ஸுக்கு நூறு ரூபாய். எல்லோரும் சொல்லும் அந்த "நூறு" சரிதான். பிரச்சினை அதற்கப்புறம்.

12 குழி டப்பா ₹28, பேப்பர் கப் 12-க்கு ₹6, ரிப்பன், டேக், லேபிள் எல்லாம் சேர்த்து ₹8, கேரி பேக் ₹8. ஆக பாக்ஸுக்கு ₹50, பத்துக்கு ₹500. உள்ளே இருக்கும் சாமானில் பாதி விலை வெளியே இருக்கிறது! கேஸ், கரண்ட் ₹30; பட்டர் பேப்பர், கையுறை ₹40; சாமான் வாங்கப் போய்வர பெட்ரோல் ₹80. இது ₹150. உடைந்தது, வெடித்தது, "டேஸ்ட் பாருங்க அக்கா" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது, இதற்கெல்லாம் சாமான் செலவில் 5 சதவீதம், ₹50.

கூட்டிப் பாருங்க: 997 + 500 + 150 + 50 = ₹1,697. பாக்ஸுக்கு ₹170. இது கையிலிருந்து போகும் பணம் மட்டும். 250-க்கு விற்றால் நிற்பது 122 இல்லை, 80.

இனி நேரம். சாமான் வாங்க ஒரு மணி நேரம். பழம் பிரித்து பாதாம் வறுத்து அடைக்க ஒன்றேகால். உருண்டை பிடிக்க ஒன்று. 120 துண்டு முக்க ரெண்டு. பேக்கிங் ஒன்றேகால். பாத்திரம் கழுவ அரை. மெசேஜுக்குப் பதில் சொல்லி, லொகேஷன் கேட்டு, கொண்டுபோய்க் கொடுக்க ஒன்றரை. மொத்தம் 8.5 மணி நேரம். இந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்தை யாருமே எழுதுவதில்லை. போனில் பேசுவது வேலை மாதிரியே தோன்றாது.

₹250 விலையில் 10 பாக்ஸுக்கு ₹800 நிற்கும். 8.5-ஆல் வகுத்தால் மணிக்கு ₹94. அந்த வேலைக்கு அந்தத் தொகை போதும் என்று நீங்கள் முடிவு செய்தால் தாராளமாகச் செய்யுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் ₹122 லாபம் என்று நினைத்துக்கொண்டு "நாலு பாக்ஸ் வாங்கினா டெலிவரி ஃப்ரீ" என்று போட்டுவிடாதீர்கள். ஆட்டோவோ டெலிவரி ஆப்போ ₹120 கேட்டால் பாக்ஸுக்கு ₹30 அதில் போகும். 80-ல் 30 போனால் 50.

₹350 வைத்தால்? பாக்ஸுக்கு ₹180, பேட்சுக்கு ₹1,800, மணிக்கு ₹212. உங்கள் நேரத்துக்கு மணிக்கு ₹80 கூலி போட்டாலும் பாக்ஸுக்கு 68 ரூபாய்தான் ஆகும்; 170 + 68 = ₹238 போக ₹112 நிஜமான லாபம். நான் சொல்வது இந்த விலைதான். கடையில் அழகான கிஃப்ட் பேக் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான். 2025 செப்டம்பர் 22-லிருந்து சாக்லேட், பிஸ்கட் இரண்டுக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பெரிய கம்பெனிகளோடு விலையில் மோத இது நேரமே இல்லை. உங்களிடம் வாங்குபவர் வாங்குவது ரெண்டு நாள் முன்பு செய்தது, பெயர் எழுதின டேக், வேண்டாம் என்றால் பாதாம் போடாத பாக்ஸ். அதற்குத்தான் விலை. அதே வரிக் குறைப்பில் உங்கள் பக்கமும் ஒரு வேலை உண்டு: காம்பவுண்ட் வாங்கும் கடையில் பழைய விலையே போடுகிறார்களா என்று பில்லைப் பாருங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் பில்லில் இருக்கும் வரி முழுக்க உங்கள் செலவுதான், திரும்பக் கிடைக்காது.

தள்ளுபடி: 15 சதவீதம் தானே?

"நியூ இயர் ஆஃபர் 15%" என்று போட்டால் ₹350 பாக்ஸ் ₹297.50 ஆகும். குறைந்தது ₹52.50. ஆனால் உங்கள் செலவு ₹170 அப்படியே இருக்கிறது. நிற்பது ₹180-லிருந்து ₹127.50. விலை குறைந்தது 15 சதவீதம், கையில் நிற்பது குறைந்தது 29 சதவீதம். பழைய ₹1,800-ஐ எடுக்க 10 பாக்ஸுக்குப் பதில் 14 பாக்ஸுக்கு மேல் விற்க வேண்டும், அதாவது 8.5 மணி நேர வேலை 12 மணி நேரமாகிவிடும். கடைக்காரருக்குத் தள்ளுபடி கொடுத்தால் ஸ்டாக் காலியாகும் என்ற லாபம் உண்டு. ஆர்டருக்குச் செய்பவருக்கு ஸ்டாக்கே இல்லை. காலியாவது உங்கள் ராத்திரித் தூக்கம்தான். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் விலையைக் குறைக்காமல் ரெண்டு துண்டு தனியாகக் கட்டிக் கொடுங்கள். ஒரு துண்டின் சாமான் செலவு எட்டு ரூபாய் சொச்சம், ரெண்டுக்கு ₹17. ₹52-க்குப் பதில் ₹17.

100 பாக்ஸ் ஆபீஸ் ஆர்டர்

நிறைய பேர் தடுமாறும் இடம் இது. ஒரு கம்பெனி ஹெச்ஆர் கூப்பிட்டு, "டிசம்பர் 23-க்கு 100 பாக்ஸ் வேணும், ₹260-க்கு பண்ணுங்க, பேமெண்ட் 45 நாள்ல" என்கிறார். ₹350-க்கு விற்பதை ₹260-க்குக் கொடுப்பதா என்று கோபம் வரும். கோபப்படாமல் கணக்குப் போடலாம்.

மொத்த ஆர்டரில் கேரி பேக் வேண்டாம், ₹8 மிச்சம். சாமானை ஒரே நடையில் வாங்குவதால் பெட்ரோலில் பாக்ஸுக்கு சுமார் ₹7 மிச்சம். செலவு ₹155. நிற்பது ₹105 × 100 = ₹10,500. நேரமும் 85 மணி ஆகாது. வாங்குவது, பேசுவது, டெலிவரி எல்லாம் ஒரே தடவை என்பதால் 65 மணிக்குள் முடியும். மணிக்கு ₹161. சில்லறையில் ₹350-க்கு விற்பதைவிடக் குறைவு, ₹250-க்கு விற்பதைவிட ரொம்ப அதிகம்! சில்லறையில் ₹350-க்கு எத்தனை பாக்ஸ் உண்மையில் போகும் என்பதுதான் கேள்வி. 40 போகுமென்றால் அதற்கு 34 மணி நேரம். மிச்ச நேரத்தை இந்த ஆர்டருக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இடிக்கும் இடம் ரெண்டு. ஒன்று காலம். தேங்காய் உருண்டைக்கு நான் ஒரு வாரத்துக்கு மேல் தேதி போட மாட்டேன். அதனால் மொத்த ஆர்டரில் உருண்டைக்குப் பதில் வறுத்த வேர்க்கடலையை காம்பவுண்டில் கலந்து ஸ்பூனால் வைக்கும் கிளஸ்டர் போடுங்கள். ஈரம் இல்லாததால் அதிக நாள் நிற்கும், செலவும் கொஞ்சம் குறையும். பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் தாங்கும். அப்படியும் 15-ஆம் தேதி ஆரம்பித்து எட்டு நாளில் 65 மணி நேரம், ஒருத்தரால் ஆகாது. உதவிக்கு ஆள் வையுங்கள். பழம் பிரிப்பது, பேக்கிங், இந்த ரெண்டு வேலையும் 25 மணி நேரம் வரும். மணிக்கு ₹80 என்றால் ₹2,000. மீதி ₹8,500, உங்கள் நேரம் 40 மணி. மணிக்கு ₹212. கவனித்தீர்களா, ₹350 சில்லறைக்கு வந்த அதே தொகை. "ஆளுக்கு ரெண்டாயிரம் எதுக்குக் கொடுக்கணும், நானே ராத்திரி உக்காந்து முடிச்சுடறேன்" என்று சொல்லும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ரெண்டாவது இடம் அந்த 45 நாள். ₹15,500 முதலில் உங்கள் கையிலிருந்து போகிறது, உதவிக்கு வந்தவரின் கூலி தனி. நகைக் கடனோ கிரெடிட் கார்டோ போட்டு இந்தப் பணத்தைப் புரட்டும் வேலை வேண்டவே வேண்டாம். ₹26,000 ஆர்டரில் 60 சதவீதம் அட்வான்ஸ் கேளுங்கள்: ₹15,600. சாமான் செலவு அப்படியே வந்துவிடும். "50 தான் தருவோம்" என்றால் ₹13,000. மீதி ₹2,500 உங்களால் முடியுமா என்று பாருங்கள். அட்வான்ஸே கிடையாது என்றால் என் பதில் "வேண்டாம்".

பேரம் பேசும்போது கைகொடுக்கும் ரெண்டு விஷயம் சொல்கிறேன். "எங்களுக்கு ஜிஎஸ்டி பில் வேணுமே" என்று கம்பெனி தரப்பில் கேட்பார்கள். ஊழியர்களுக்கோ கஸ்டமருக்கோ பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு இன்புட் கிரெடிட் எடுக்க ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவே அனுமதிக்காது. ஆகவே பதிவில்லாத உங்களிடம் வாங்குவதால் அவர்களுக்கு கிரெடிட் நஷ்டம் எதுவும் இல்லை. இதை மரியாதையாகச் சொல்லுங்கள், அவர்கள் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டுக்குப் புரியும். சாதாரண பில் கொடுங்கள், அதில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது.

இன்னொன்று உத்யம் பதிவு. ஆதார், பான் இருந்தால் அரசின் உத்யம் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். காசு கேட்கும் ஏஜென்ட் தளங்களில் ஏமாறாதீர்கள். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே இந்தப் பதிவு இருந்தால், தயாரிப்பாளரான உங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் 15 நாளுக்குள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. அதோடு வருமான வரிச் சட்டப்படி, காலக்கெடு தாண்டியும் மார்ச் 31 வரை கொடுக்காமல் வைத்திருந்தால் அந்தச் செலவை அந்த ஆண்டில் அவர்கள் கழிக்க முடியாது. பில்லில் உத்யம் நம்பரை அச்சடித்து விடுங்கள். பிப்ரவரியில் நீங்கள் போன் பண்ண வேண்டிய அவசியம் குறையும்.

லைசென்ஸ், வரி: சுருக்கமாக

வீட்டில் செய்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். 2025 நிலவரப்படி ஆண்டு விற்பனை ₹12 லட்சம் வரை அடிப்படைப் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு ₹100. 14 இலக்க எண் வரும், லேபிளில் போடுங்கள். கூடவே சேர்மானப் பட்டியல், பச்சை சைவக் குறி, நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம், உங்கள் பெயர், முகவரி. பாதாம், வேர்க்கடலை, பால், கோதுமை இருப்பதைத் தனியாக எழுதுங்கள். நட்ஸ் அலர்ஜி விளையாட்டு இல்லை. பரிசாகப் போகும் பாக்ஸை யார் பிரித்துச் சாப்பிடுவார் என்று உங்களுக்குத் தெரியாது.

ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை ₹40 லட்சம் வரை தேவையில்லை. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு கிடையாது, முதல் பாக்ஸுக்கே பதிவு வேண்டும். பெங்களூருக்கு கொரியர் போடுவது மட்டுமில்லை. கடலூர், விழுப்புரத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கும் புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வெளி மாநிலம்தான்.

வருமான வரியைப் பொறுத்தவரை, இந்த அளவு லாபத்துக்கு மட்டும் வரி வராது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே சம்பளத்துக்கு ஐடிஆர்-1 போடுபவர் என்றால், சாக்லேட் வருமானம் வந்த ஆண்டு அதில் போட முடியாது. அனுமான வருமான முறையில் ஐடிஆர்-4 போட வேண்டும். யுபிஐயில் வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் என்பது குறைந்தபட்ச லாபம்தான், நிஜ லாபம் அதைவிட அதிகம் என்றால் நிஜத்தைக் காட்டுங்கள். சாக்லேட் பணத்துக்கு என்று தனியாக ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் வைத்து, க்யூஆர் கோடை அதில் இணைத்துவிட்டால் மார்ச்சில் தலைவலி பாதி போய்விடும்.

கடைசி பேட்ச் முடிந்ததும் மிஞ்சிய காம்பவுண்டை பட்டர் பேப்பரில் ஊற்றி உறையவிட்டு, உடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு எடை எழுதி ஒட்டுங்கள். துருவல், பாதி பாக்கெட் பாதாம், மிச்ச டப்பாக்கள், எல்லாவற்றையும் வாங்கின விலையிலேயே எழுதி வைத்தால் அதுதான் உங்கள் க்ளோசிங் ஸ்டாக். டிசம்பர் செலவிலிருந்து அதைக் கழித்த பிறகுதான் இந்த சீசனில் எவ்வளவு நின்றது என்று சொல்ல முடியும். நான் பயன்படுத்திய எக்ஸெல் ஷீட் நம்ம சேனல் வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. மஞ்சள் கட்டங்களில் மட்டும் உங்கள் விலையைப் போடுங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.